‘பரவாயில்லை’ என்பது ஓர் அளவு அல்ல

மாணவர்களே, வீட்டில் பாட்டியிடம் “கை எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “பரவாயில்லை” என்பார். என் அம்மாவும் அப்படித்தான். தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவிய கை அது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் “பரவாயில்லை” என்றார். ஆனால் ஊறுகாய் போத்தலைத் திறக்க என்னைத்தான் கூப்பிட்டார்.

சிகிச்சைப் பிரிவில் ஒரு கருவியை அழுத்தச் சொன்னார்கள். டைனமோமீட்டர், அதாவது பிடிவிசைமானி. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே அடைபட்ட திரவத்தின் அழுத்தம் கூடும், முள் நகரும். அம்மாவின் வலது கை 6 கிலோ; அடிபடாத இடது கை 15 கிலோ.

‘கிலோ’ என்றாலும் இது பொருண்மை அல்ல, விசை. 9.81-ஆல் பெருக்குங்கள்: 15 கிலோ என்பது ஏறக்குறைய 147 நியூட்டன். அளக்கும்போது உட்கார்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை 90 பாகை மடக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. ஆய்வுக்கூடத்தில் மற்ற மாறிகளை மாற்றாமல் வைக்கச் சொல்கிறேனே, அதே காரணம்தான். அப்போதுதான் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட முடியும்.

எனக்கு அதிர்ச்சி தந்தது நல்ல கைதான். தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-இல் ஒரு வரம்பு வகுத்தது. ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் வலிமை குறைவு. அம்மாவின் அடிபடாத கையும் அந்த வரம்புக்குக் கீழே! விழாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

மலேசியா, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரிடம் நடத்திய ‘பியூர்’ ஆய்வு, 2015-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிடிவலிமை 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரத்த அழுத்தத்தைவிடவும் இது நன்றாக முன்கூட்டிச் சொன்னது.

அதற்காகத் தினமும் பந்தை அழுத்தினால் ஆயுள் கூடும் என்று நினைக்காதீர்கள். தெர்மோமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் போய்விடுமா? பிடிவலிமை முழு உடலின் தசைநிலையைக் காட்டும் அடையாளம். எண் குறைந்தால் உணவு, உடற்பயிற்சி, நோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

எனவே, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கும்போதே பிடிவலிமையையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. வரிசை ஏற்கெனவே நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம்; சில நிமிடம் போதும்.

நம் புந்தோங்கில் மரம் சீவிய கைகளும், கச்சாங் பூத்தே கடைகளுக்கு முறுக்கு பிழிந்த கைகளும் எத்தனையோ உண்டு. அடுத்த முறை தாத்தா பாட்டியுடன் கிளினிக்கு நீங்களும் போங்கள். அவர்கள் “பரவாயில்லை” என்று சொல்லும்போது, “அளந்து பார்க்கலாமா, டாக்டர்?” என்று நீங்கள் கேளுங்கள்.