ஜாக்கி தூக்கும், தாங்காது

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் முழுதும் படித்துவிடுங்கள்.

என் தம்பி மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். கூடவே 108 உருப்படிகள் கொண்ட டூல்ஸ் பெட்டியும் இணையத்தில் வரவழைத்து, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். நானும் கட்டைவிரல் போட்டேன். போன ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போனால், வாசலில் கார் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. அடியில் இரண்டு கால் மட்டும் தெரிகிறது. கீழே கரிசல் மண், முந்தின இரவு மழை பெய்த ஈரம். காரோடு வந்த சின்ன ஜாக்கி மட்டும் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

"எலே, மொதல்ல வெளிய வா" என்று சத்தம் போட்டேன்.

"ரெண்டு நிமிச வேலை பெரியப்பா, ஆயில் போல்ட்டைக் கழட்டிட்டு வந்துருதேன்" என்றான். நான் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்து, திண்ணையில் உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கினான். பாதி குடித்திருப்பான். ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கார் 'தொம்' என்று தரையில் உட்கார்ந்தது. யாரும் பேசவில்லை. அவன் அம்மா கையிலிருந்த செம்பை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலையே எழுத நினைத்தேன். மனசு ஒரு நிலைக்கு வர இத்தனை நாள் ஆயிற்று.

வீட்டில் கார் வேலை பார்ப்பதற்கு நான் எதிரி இல்லை. கோவை ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் இயந்திரத்தைப் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர் அவர். கையில் கிரீஸ் படாமல் இயந்திர அறிவு வராது. என் குறை வேறு. நம் பிள்ளைகள் சாமான் வாங்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. கழற்றும் சாமான் 108 வாங்குகிறார்கள், உயிரைக் காக்கும் சாமான் ஒன்றுகூட இல்லை.

முதலில் வாங்க வேண்டியது ஒரு ஜோடி இரும்புத் தாங்கி. கடையில் ஜாக் ஸ்டாண்ட் என்று கேளுங்கள். என் தம்பி மகன் பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகாது. ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் விதி நடத்தியது நினைவிருக்கிறதா? ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே எண்ணெயை அடைத்து நிற்பது ஒரு சின்ன ரப்பர் வளையம். அது கசிந்தால் மொத்த எடையும் கீழே வரும். காரோடு வரும் திருகு ஜாக்கியோ ஒல்லியான காலில் நிற்பது. டயர் மாற்ற மட்டும் கொடுத்தது. அதை வைத்துத் தூக்கிவிட்டு அடியில் போகாதே என்று கார் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கும். ஜாக்கியால் தூக்கி, கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டை வைத்து, அதன்மேல் காரை இறக்கி, பக்கவாட்டில் ஒரு தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மண் தரையும் ஆகாது, சமமான சிமெண்ட் தளம் வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் கார் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாம் தவறினாலும் அது கொஞ்சம் இடம் கொடுக்கும்.

இரண்டாவது, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கட்டை. மேட்டில் லாரி நின்றதும் கிளீனர் ஓடிப்போய்க் கட்டை போடுவாரே, அதே பாடம்தான். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடியும் போயிற்று. முன்சக்கரத்துக்குக் கட்டை இல்லையென்றால் வண்டி நகரும்.

மூன்றாவது, தீயணைப்பான். ஏ.பி.சி. பவுடர் வகையில் சின்னதாக ஒன்று போதும். பெட்ரோலும் பேட்டரிப் பொறியும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

இதற்குப் பிறகு ஸ்பேனர். நூற்றெட்டு வேண்டாம். 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனர், ஆறு முனை சாக்கெட் செட், நல்ல ஸ்க்ரூ டிரைவர் நான்கு, ஒரு கட்டிங் பிளேயர். ஆறு முனை சாக்கெட் நட்டின் பக்கங்களைப் பிடிப்பதால் முனை மழுங்காது. 10ஆம் நம்பரை மட்டும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். சக்கர நட்டு பல மாருதி வண்டிகளில் 19, பல ஹூண்டாய் வண்டிகளில் 21. உங்கள் வண்டிக்கு எது என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து டார்க் ரென்ச். விசை பெருக்கல் தூரம், அதுதான் திருப்புத்திறன். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்து நட்டை முடுக்குகிறோம். நட்டு இறுகுகிறது என்று நாம் நினைக்கிறோம், உள்ளே ஸ்டட் இழுபடுகிறது. சிறிய கார்களின் சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும். சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். கடைசி முடுக்கு, சக்கரம் தரையில் இறங்கிய பிறகு.

மின்சாரப் பக்கத்துக்கு ஒரு மல்டிமீட்டரும் ஜம்பர் கேபிளும். ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5க்கும் 14.5க்கும் இடையே வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம், வீணாகப் புது பேட்டரி வாங்காதீர்கள். ஜம்பர் கொடுக்கும்போது சிவப்பை இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும், கடைசி முனையைப் படுத்த வண்டியில் பேட்டரிக்குத் தள்ளி ஒரு வெறும் இரும்பிலும் மாட்டுங்கள். பேட்டரி அருகே எழும் வாயுவில் பொறி விழக்கூடாது என்பதற்காக.

டயர் காற்று பார்க்கும் கேஜ் ஒன்று கட்டாயம். 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டி என்றால் ஓ.பி.டி. ரீடரும் வாங்கலாம். எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறது என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

காசு கொடுத்து வாங்க முடியாத சாமானும் உண்டு. லுங்கி, துண்டு, சேலைத் தலைப்போடு ஓடும் எஞ்சின் பக்கம் குனியாதீர்கள். ரேடியேட்டர் விசிறி எஞ்சினை நிறுத்திய பிறகும் தானாகச் சுற்றும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு பேட்டரியைத் தொடுங்கள். கதவடைத்த ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகைக்கு வாசனை தெரியாமலேயே ஆளை மயக்கும் குணம் உண்டு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கிணற்றையும் போரையும் நம்பி வாழும் வானம் பார்த்த பூமி நம்முடையது. கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் இவற்றில் கை வைக்காதீர்கள். மஞ்சள் நிற இணைப்பு ஏர்பேக்குடையது. ஆரஞ்சு நிற கேபிள் ஹைபிரிட், மின்சாரக் கார்களின் உயர் அழுத்தக் கம்பி. இரண்டையும் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக்கும் என் மாணவர்தான். நடந்ததைச் சொன்னேன். "சார், எங்க பட்டறையில பள்ளம் வெட்டி வச்சிருக்கோம், நாங்க அதுக்குள்ள எறங்கி நிக்கோம். வீட்ல அது இல்லைல்லா" என்றார். முப்பது வருடம் நான் நடத்திய பாடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மறுநாளே தம்பி மகன் ஸ்டாண்டு வாங்கிவிட்டான். இந்தத் தடவை அவன் குழுவில் போட்ட படத்துக்கு முதலில் பதில் போட்டது அவன் அம்மா.

ஆடித்தபசுக்குக் கார் எடுத்துக்கொண்டு ஊருக்கு வரும் பிள்ளைகளே, வாருங்கள். டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வேன். வாத்தியார் ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் ஓய்வு பெறுவதில்லை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்,
சங்கரன்கோவில்