தலைமை நாற்காலியில் மட்டும் இல்லை

"நல்ல ஹெச்.எம். வந்தால் பள்ளிக்கூடம் தானாகத் திருந்திவிடும்." பெற்றோரும் சொல்கிறார்கள், அதிகாரிகளும் நம்புகிறார்கள். தேர்ச்சி விகிதம் ஏறினால் சால்வை அவருக்கு. இறங்கினால் விளக்கம் கேட்பதும் அவரிடம்தான். இந்த நம்பிக்கை தவறானது. பள்ளிகளுக்கு அது கேடும் செய்கிறது.

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் நாற்காலி பெரும்பாலும் பணிமூப்பால் வருகிறது. வந்தபின் சத்துணவுக் கணக்கு, நலத்திட்டப் பொருட்கள், எமிஸ் இணையதளப் பதிவு என்று பொழுது கரைகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியரைக் கேட்கிறது. ஈராசிரியர் பள்ளியில் அவரும் சாக்பீஸ் பிடித்து வகுப்பெடுப்பவர்தான்.

மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை என்ன செய்வது என்று புதிதாகச் சேர்ந்த ஆசிரியை யாரிடம் கேட்பார்? பக்கத்து வகுப்பு டீச்சரிடம். அந்த டீச்சருக்கு இதற்கென்று பதவியும் கிடையாது, படியும் கிடையாது. ஆனால் பள்ளியின் கற்பித்தல் அவரைச் சுற்றித்தான் நடக்கிறது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்வோம். அன்றைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் முன்னின்றார் என்பது உண்மை. அவர் திறந்துவிட்ட கதவு வழியே நடந்தவர்கள் வகுப்பாசிரியர்கள். மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தத்தம் வேகத்தில் படிப்பதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, சென்னைப் பிள்ளைகளுக்கேற்ற பாட அட்டைகளைக் கூடி உட்கார்ந்து உருவாக்கினார்கள். 2007-08இல் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியபோது அட்டைகள் அச்சாகிக் கட்டுக்கட்டாகப் போயின. அவற்றை உருவாக்கிய ஆசிரியர்களின் விவாதத்தை அப்படிக் கட்டி அனுப்ப முடியுமா?

ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள். பிறகு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். அங்கே பேச்சுக்கு எடை, வகுப்பில் கண்டதைச் சொல்வதால் வருகிறது.

இங்கே ஒருவர் வகுப்பை இன்னொருவர் எட்டிப் பார்த்தாலே 'ஆய்வு' என்று பதறுகிறோம். எல்லாச் சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றுவதால் அவரும் நொறுங்குகிறார், வழிகாட்டத் தகுதியுள்ள மற்றவர்களும் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குகிறார்கள். கலந்தாய்வில் அந்தத் தலைமையாசிரியர் மாறுதல் பெற்றுப் போகும் நாளில், அவர் தொடங்கியதெல்லாம் நின்றுபோகிறது.

கல்வித்துறை வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துப் பேசுவதற்கென்றே ஒதுக்கட்டும். அந்த நேரத்தில் எமிஸ் வேலையைத் திணிக்காமல் இருக்கட்டும்.