மெனு வரவில்லையா? ஃபார்மட் வேண்டாம்

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு இது என்றாவது ஒரு நாள் நேரும். விண்டோஸ் அப்டேட் முடிந்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனு வராது. நேராக விண்டோஸ் வந்து நிற்கும். சர்வீஸ் கடையில் கொடுத்தால், "லினக்ஸ் போயிருச்சு சார், ஃபார்மட் பண்ணிரலாம்" என்பார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை இது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

லினக்ஸ் பார்ட்டிஷனும் அதிலுள்ள ஃபைல்களும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பழைய பயாஸ் காலத்தில் ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள், வெறும் 446 பைட்டில், சிஸ்டத்தை எழுப்பும் க்ரப் போன்ற பூட் லோடரின் முதல் துண்டு இருந்தது. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் அதன் மேலேயே எழுதிவிடும். இன்றைய யூஇஎஃப்ஐ மெஷின்களில் இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர் உண்டு. எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கிறது. பல நேரங்களில் மாறியிருப்பது அந்த வரிசை மட்டும்தான். ஆன் செய்ததும் எஃப்2 போன்ற கீயை அழுத்தி செட்டிங்ஸுக்குள் போய் உபுண்டு போன்ற உங்கள் லினக்ஸை மேலே ஏற்றினால் வேலை முடிந்தது. வரிசையில் பெயரே இல்லாவிட்டால், இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து க்ரப்பை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு: மெனு வரும், அதில் விண்டோஸ் இருக்காது. 2021இல் வந்த க்ரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற சிஸ்டங்களைத் தேடிப் பிடிக்கும் ஓஎஸ்-ப்ரோபர், பாதுகாப்பு கருதி, இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற ஃபைல். அதில் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரிக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்பு கொடுத்து, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டினால் போதும். மெனு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஃபைலில்தான். க்ரப்.சிஎஃப்ஜி என்ற இன்னொரு ஃபைலில் கை வைக்காதீர்கள். கட்டளை ஓடும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுதப்படும், உங்கள் திருத்தம் நிற்காது.

2024 ஆகஸ்டில் நடந்தது இவற்றைவிடக் கடுமை. பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட் லோடர்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட், டூயல் பூட் மெஷின்களைத் தொடாது என்று சொல்லப்பட்டது. தொட்டது. ஏதோ மிகவும் தவறாகிவிட்டது என்ற ஒரு செய்தியோடு பலருடைய லினக்ஸ் எழவே மறுத்தது. நம்பகமான பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், அப்டேட் போட்ட தடைப்பட்டியலை அழித்துவிட்டுத் திரும்ப ஆன் செய்ய வேண்டியிருந்தது. குறையை அடைத்தது சரி. இன்னொரு சிஸ்டம் இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்க்காமல் அடைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. செக்யூர் பூட்டைத் தொடுமுன் விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரிகவரி கீ கையில் இருக்கட்டும். விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

தமிழ்நாட்டில் இது யாரோ சில கம்ப்யூட்டர் பித்தர்களின் கவலை இல்லை. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் காசில்லாமல் வந்து சேர்ந்த இன்னொரு உலகம் அது. ஏதோ ஒரு கோளாறுக்காகக் கடைக்குப் போன லேப்டாப்புகள் பாஸ் இல்லாமல் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் ஃபார்மட் என்று சொன்னால், முதலில் லைவ் யுஎஸ்பி போட்டு ஃபைல்கள் தெரிகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.