காயிலை மாற்றும் முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்!



மரக்காணம் பக்கம் பழைய மொபெட் நின்றுபோனால் பட்டறையில் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "சிடிஐ போச்சு, காயில் போச்சு, மாத்தணும்." இன்னொன்று, "வண்டி பழசு சார், தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க." சொல்பவர் பல சமயம் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார். சோதிக்காமல் பாகம் மாற்றுவது ரிப்பேர் அல்ல, ஊகம். ஊகத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அது யாருடைய காசு? விடியும் முன்பே மொபெட்டில் உப்பளத்துக்குப் போகிறவர்களின் காசு. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி வேலை நிற்கும்போது உப்பளத் தொழிலாளிக்கு அரசு தரும் நிவாரணமே 5,000 ரூபாய்தான்.

நம் ஊரில் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் வரவேண்டும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியும். பிளக் கேப்பிலும் வயரிலும் படிந்த உப்பு இரவில் அப்படி நனைந்துவிடும். காயிலிலிருந்து வரும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் வெளியிலேயே இன்ஜினில் இறங்கிவிடும். காலையில் அடம்பிடிக்கிற வண்டி வெயில் ஏறியதும் ஸ்டார்ட் ஆவது இதனால்தான். காயில் கெட்டிருந்தால் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும்: குளிரில் ஓடும், சூடேறியதும் நிற்கும்.

ஆகவே வரிசையாகப் பாருங்கள்.

1. பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க்கைச் சந்தேகியுங்கள்.

2. பிளக்கைக் கேப்பில் சொருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினில் படும்படி வைத்துக் கிக்கரை உதையுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பளிச்சென்று நீலப்பொறி வந்தால் நல்லது. மெலிந்த மஞ்சள் பொறி என்றால் பலமில்லை.

3. கேப்பைத் துடைத்துக் காயவையுங்கள். பச்சை பூத்த வயர் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். எர்த் வயர் இணைப்பைச் சுரண்டுங்கள்.

4. பேட்டரியை நம்பாமல் மேக்னட்டில் ஓடும் மொபெட்டுகளில் சாவியை அணைத்தால், ஸ்பார்க்குக்கான மின்சாரம் எர்த்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. சுவிட்சுக்குள் உப்பு புகுந்தால், சாவி போட்டும் வண்டி ஆஃபிலேயே இருக்கும். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு இரண்டாவது சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். சோதனை முடிந்ததும் ஒயரை மாட்ட மறக்காதீர்கள்.

5. பாயிண்ட் உள்ள பழைய வண்டி என்றால் பாயிண்டைத் தேய்த்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். கண்டன்சரையும் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் காயில். கடைசியில்தான் சிடிஐ. முதல் நான்கு படிக்கு ஒரு பிளக் ஸ்பானர், கத்தி, உப்புத்தாள், பழந்துணி போதும்.

"ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம் செலவழித்தால் கட்டுமா?" என்று மெக்கானிக் தம்பிகள் கேட்பார்கள். நியாயம்தான். பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியது, சோதனைக்குக் கூலி தர மறுக்கும் நம் கஞ்சத்தனமும்தான். பார்த்த வேலைக்குக் கூலி கொடுப்போம். கெட்டுப்போகாத பாகத்துக்கு விலை கொடுக்க மாட்டோம்.

இனி யாராவது "காயில் போச்சு" என்றால் ஸ்பார்க்கைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, உங்கள் உரிமை.