ஓடி வந்த வண்டி பறக்கத் தகுமா?

ஒரே யந்திரம் சாலையில் ஓடவும் வானில் பறக்கவும் கூடுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அமெரிக்காவில் ராபர்ட் ஃபுல்டன் உருவாக்கிய ஏர்ஃபிபியன் 1950-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு விமானத்துறையின் அங்கீகாரத்தைப் பெற்றது. வாஷிங்டன் மாநிலத்து லாங்வியூ நகரில் மோல்ட்டன் டெய்லர் 1949-ல் நிர்மாணித்த ஏரோகார், ஏழாண்டுக் காலப் பரிசோதனைகளையும் திருத்தங்களையும் கடந்து 1956-ல் அதே அங்கீகாரத்தை அடைந்தது. முன்னே இல்லாமல் வாலின் கோடியில் அமைந்த புரொபெல்லருக்கு எஞ்சினின் விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு முறுக்கதிர்வினால் சிதைந்துபோகாதிருக்க, நுண்ணிய எஃகுக் குண்டுகள் நிரம்பிய ஓர் இணைப்பை இடையில் வைத்து டெய்லர் கண்ட பரிகாரம், இன்றும் நம் துறை மாணவர்கள் ஊன்றிப் பயிலத் தக்கது. அத்தனை சிரத்தையுடன் செய்யப்பட்ட அந்த வண்டி ஆறுக்கு மேல் பிறக்கவில்லை. ஐந்நூறு பேர் முன்பதிவு செய்தால் உற்பத்தியை மேற்கொள்வதாக லிங்-டெம்கோ-வாட் நிறுவனம் முன்வந்தபோது, அதில் ஏறத்தாழப் பாதிப்பேரே கிடைத்தார்கள்.

பறக்கும் காரின் கதை இவ்வாறு தலைமுறைக்குத் தலைமுறை நின்றுபோவதற்கு மூலதனக் குறைவையும், விலையின் உயர்வையும், எஞ்சின்களின் போதாமையையும் காரணங்களாகச் சொல்வது வழக்கம். அவை பொய்யல்ல. ஆயினும், இந்தத் துறையில் வடிவமைப்பையும் பராமரிப்பையும் பரிசோதனையையும் தொழிலாகக் கொண்ட நாம், அவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் ஒரு காரணத்தை வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது அபிப்பிராயம். இந்த யந்திரத்தைச் சாலைச் சட்டம் காராகக் காண்கிறது. விமானச் சட்டம் விமானமாகக் காண்கிறது. காராக வந்து நின்று விமானமாகக் கிளம்பும் அந்தச் சில நிமிஷங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதை எந்தச் சட்டமும் இதுவரை தீரச் சொல்லவில்லை.

முதலில் யந்திரத்தின் சங்கடத்தைப் பார்ப்போம். சாலை வாகனம் கனத்தில் பாதுகாப்பைத் தேடுகிறது. விமானம் கனமின்மையில் தேடுகிறது. ஓடுபாதையில் மூக்கை உயர்த்தி எழும்பவேண்டிய விமானத்துக்குப் பிரதான சக்கரங்கள் புவியீர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டியே நிற்க வேண்டும். வளைவில் நிலைதவறாமல் திரும்பவும், பிரேக் போட்டதும் நேராக நிற்கவும் வேண்டிய காருக்கோ, பாரம் முன்னும் பின்னும் பரவி, சக்கரங்கள் மூலைக்கு மூலை தள்ளி நிற்பதே க்ஷேமம். அமெரிக்காவில் சாலை வாகனத்தின் அகலம் ஏறத்தாழ 2.6 மீட்டருக்கு மேற்படக் கூடாதென்பது விதி. சிறு விமானத்தின் இறக்கை விரிவோ எட்டு மீட்டருக்குக் குறைவது அரிது. ஆகவே இறக்கையை மடித்தாக வேண்டும். மடிக்கும் இடமெல்லாம் கீல் வேண்டும்; கீல் உள்ள இடமெல்லாம் பூட்டு வேண்டும்; பூட்டு உள்ள இடமெல்லாம் தேய்மானமும் மனித மறதியும் புகுவதற்கு வாயில் உண்டு. மடித்த இறக்கையைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது, எதிரே விரைந்து கடக்கும் கனரக லாரியின் காற்று அந்தப் பரப்பை அறைகிற அறையைத் தாங்கவேண்டிய பொறுப்பு, எந்த விமான வடிவமைப்பாளருக்கும் இதற்குமுன் வாய்த்ததில்லை.

இந்தச் சங்கடம் சட்டத்தின் வாயிலுக்குச் சென்றபோது என்ன நேர்ந்தது என்பதற்கு டெராஃபியூஜியா நிறுவனத்தின் அனுபவமே சிறந்த சாட்சி. எம்.ஐ.டி. பட்டதாரிகள் 2006-ல் தொடங்கிய இந்நிறுவனத்தின் டிரான்சிஷன் 2009 மார்ச்சில் முதன்முறை பறந்தது. இலகுரக விளையாட்டு விமானம் என்ற பிரிவில் அதைச் சேர்ப்பதென்றால் மொத்த எடை 1,320 பவுண்டுக்குள், அதாவது சுமார் 600 கிலோவுக்குள், அடங்க வேண்டியிருந்தது. சாலைப் பாதுகாப்புக்கான பம்பரும் ஏர்பேக்கும் ஏறினால் அடங்காது. அமெரிக்க விமானத்துறை 2010-ல் 110 பவுண்டு கூடுதலாக அனுமதித்தது; 2016-ல் அந்த வரம்பை 1,800 பவுண்டாகவும், ஸ்டால் வேகத்தின் வரம்பை 54 நாட்டாகவும் மேலும் தளர்த்தியது. சாலைப் பாதுகாப்புத் துறையும் தன் பங்குக்கு 2011-ல் சில தரங்களிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது.

அந்த விலக்குகளில் ஒன்றை அருகிலிருந்து பார்ப்பது பயன் தரும். காரின் முகப்புக்கு அடுக்குக் கண்ணாடி வேண்டும் என்பது சாலை விதி. அந்தக் கண்ணாடி கனமானது. அதன்மேல் பறவை மோதினால் நூறு கீறலாக விரிந்து விமானியின் பார்வையை முற்றும் மறைத்துவிடக் கூடும். ஆகையால் பாலிகார்பனேட் தகடு அனுமதிக்கப்பட்டது. அது இலேசானது, நொறுங்காதது. ஆனால் எளிதில் சிராய்ப்புறும் பொருள். புழுதி படிந்த சாலையில் மழைத்துளி விழ, வைப்பர் அந்தப் புழுதியையே தகட்டின்மேல் தேய்த்துத் தேய்த்து ஓடுமானால், சில மாதங்களில் அதன்மீது மெல்லிய மூட்டம் படியும். பகலில் காரோட்டுகிறவருக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. அந்தி வெயிலை நேர்முகமாக எதிர்கொண்டு தரையிறங்கும் விமானிக்கோ ஓடுபாதையே ஒளியில் கரைந்துபோகும். இரு துறைகளும் தத்தம் கோணத்தில் நியாயமாகவே நடந்துகொண்டன. இருப்பினும், சாலை கெடுத்ததை வானில் யார் கண்டுபிடிப்பது என்ற கேள்வி எந்த விலக்கினாலும் தீரவில்லை. டிரான்சிஷன் 2021 ஜனவரியில் பறப்பதற்கான சான்றைப் பெற்றது. அவ்வாண்டிலேயே நிறுவனத்தின் அமெரிக்கப் பணியாளர்களில் பெரும்பாலோர் வேலை நீக்கப்பட்டார்கள்.

மாறும் நிமிஷத்தின் அபாயம் கற்பனையன்று. 1947 நவம்பரில், சான் டியேகோவில் கான்வேர் நிறுவனத்தின் கான்வேர்கார் பரிசோதனைப் பறத்தலின்போது எரிபொருள் தீர்ந்து கட்டாயமாகத் தரையிறங்கிச் சிதைந்தது. காருக்கு ஓர் எஞ்சின், இறக்கைப் பகுதிக்கு வேறோர் எஞ்சின், ஒவ்வொன்றுக்கும் தனி எரிபொருள் என்ற ஏற்பாட்டில், விமானி காருக்குரிய அளவுமானியைப் பார்த்துவிட்டு எரிபொருள் போதுமென நம்பிக் கிளம்பினார் என்பது இத்துறையில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் காரணம். எஞ்சினில் பழுதில்லை, இறக்கையில் பழுதில்லை. ஓர் அவதாரத்திலிருந்து மற்றோர் அவதாரத்துக்கு மாறிய யந்திரத்தோடு மனிதனின் மனம் கூடவே மாறவில்லை.

மறதியைவிட நுட்பமான அபாயம் ஒன்று நம் காலத்தில் சேர்ந்திருக்கிறது. எடையைக் குறைக்கும் பொருட்டுப் பெரும்பாலான புதிய வடிவங்கள் கார்பன் இழைக் கலவையால் ஆகின்றன. அலுமினியத் தகட்டில் அடி விழுந்தால் குழி விழும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் இழைத் தகட்டில் மெதுவான மோதல் மேற்பரப்பில் ஒரு தடயமும் விடாமல் உள்ளே அடுக்குகளைப் பிரித்துவிடலாம் என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கடைத்தெருவின் வாகன நிறுத்தத்தில் பின்னால் வந்த வண்டி மடித்த இறக்கையின் நுனியில் இலேசாக இடித்துவிட்டு, உரிமையாளர் அறியாமலே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காரில் பூட்டிவைத்திருக்கும் விமானத்தைக் கருதி ஏற்பட்டது வருடாந்தரப் பரிசோதனை என்னும் ஏற்பாடு. அடுத்த பரிசோதனைக்கு ஒன்பது மாதம் இருக்கையில், அன்று மாலையே அந்த வண்டி ஓடுபாதைக்குப் போகுமானால், பறப்பதற்கு முன் விமானி தன் கண்ணாலும் கையாலும் செய்யும் சோதனை அந்த உட்பிளவைக் காணுமா? காணாது. மேடு பள்ளங்களின் அதிர்ச்சியும், சக்கரம் வாரியடிக்கும் சரளையும், குளிர்நாட்டுச் சாலைகளில் தூவப்படும் உப்பும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் கீல்களையும் நாள்தோறும் அரிப்பதையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு இடையூறுகளுக்கிடையே இந்த யந்திரத்தினால் ஆகும் பிரயோஜனம்தான் என்ன என்று கேட்பது நியாயம். நகரத்து நெரிசலிலிருந்து செங்குத்தாக எழும்பி அலுவலக மாடியில் இறங்கும் சித்திரத்தை நாம் முதலில் கைவிட்டாக வேண்டும். எழும்போதும் இறங்கும்போதும் தவிர, மக்கள் நெருங்கி வாழும் இடத்தின்மேல் பறக்கும் விமானம், 2,000 அடி ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடியாவது உயர்ந்திருக்க வேண்டுமென்பது அமெரிக்க விதி. தெருக்களுக்கு மேல் தாழப் பறந்து செல்ல அந்த விதி இடம் தராது. 2020-ல் நியூ ஹாம்ஷைர் மாநிலம் இத்தகைய யந்திரங்களைச் சாலையில் ஓட அனுமதித்துச் சட்டம் இயற்றியபோதும், எழுவதும் இறங்குவதும் விமானத்தளங்களில்தான் என்ற நிலை மாறவில்லை. மின்விசையால் செங்குத்தாக எழும் விமானங்களோ சாலையைத் தொடாதவை. அவற்றின் பிரச்னைகள் வேறு, அவற்றுக்கென ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் வகுத்த விதிகளும் வேறு.

உண்மையான பிரயோஜனம் இதைவிடச் சாதாரணமானது. அதனாலேயே மதிக்கத் தக்கது. ஸ்லோவாக்கியாவில் ஸ்டெஃபான் கிளைன் 2021 ஜூன் 28-ல் தம் ஏர்காரை நித்ரா விமானத்தளத்திலிருந்து பிராட்டிஸ்லாவா விமானத்தளத்துக்கு முப்பத்தைந்து நிமிஷத்தில் ஓட்டிச் சென்று, இறங்கியதும் இறக்கையை மடித்துக்கொண்டு அதே யந்திரத்தில் நகருக்குள் காராகப் போனார். எழுபது மணி நேரப் பறத்தலும் இருநூறுக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்களும் முடிந்தபின் 2022 ஜனவரியில் அந்நாட்டு அதிகாரிகள் அதற்குச் சான்று வழங்கினார்கள். சிறு விமானத் தளங்களில் இறங்கி, ஊருக்குள் போக வண்டியின்றித் தவிக்கும் விமானிக்கு இது பெரிய உபகாரம். அதனினும் பெரிய உபகாரம் ஒன்றுண்டு. கருமேகம் வழிமறிக்கும்போது, எப்படியாவது ஊர் சேரவேண்டும் என்ற ஆவலில் மேகத்துக்குள் நுழைந்து மாண்ட தனி விமானிகள் அநேகர். அருகில் உள்ள தளத்தில் இறங்கி, மிச்ச தூரத்தைச் சாலைவழி கடக்கும் வசதி கையிலேயே இருக்குமானால் அந்த ஆவலுக்கு இடமிராது. இந்த யந்திரத்தை உயிர்காக்கும் சாதனமாகவும் கருத இடமுண்டு என்பதனாலேயே இதன்மேல் நமக்கு இவ்வளவு அக்கறை.

சட்டம் அசையாத கல் அன்று. அமெரிக்க விமானத்துறை 2025 ஜூலையில் வெளியிட்ட புதிய விதிகள், இலகுரக விமானங்களுக்கான அந்தப் பழைய எடை வரம்பை அகற்றி, ஸ்டால் வேகத்தை அளவுகோலாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கனத்தைப் பார்ப்பதை விட்டு நடத்தையைப் பார்க்கத் தொடங்கிய இந்த மாற்றம், பம்பரையும் ஏர்பேக்கையும் சுமக்கவேண்டிய யந்திரத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இதுவும் பிறப்பின்போது கேட்கப்படும் கேள்வியையே திருத்துகிறது; நாள்தோறும் கேட்கப்படவேண்டிய கேள்வி இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதித் தருவது அதிகாரிகளுக்கு முன்பாக நம் தொழிலைச் சேர்ந்தவர்களின் கடமை.

நம் யோசனைகள் நான்கு. முதலாவது, இறக்கை மடிந்திருக்கும் நிலையில் அதன்மேலும் கீல்களின்மேலும் விழும் அதிர்ச்சிகளை உணர்மானிகள் இடைவிடாது பதிவு செய்ய வேண்டும். நிர்ணயித்த அளவை மீறிய அதிர்ச்சி பதிவாகியிருந்தால், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரையில் யந்திரம் பறக்கும் நிலைக்கு மாற மறுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பூட்டும் விழுந்துவிட்டதை மின்சாரக் குறி ஒன்றும், அதைச் சாராமல் விமானி நேரில் கண்டறியக்கூடிய அடையாளம் ஒன்றும் தனித்தனியே உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது, சாலை விபத்தும் பறக்கும் தகுதியும் ஒரே பதிவேட்டில் இடம்பெற வேண்டும். தெருவோர ஒர்க்‌ஷாப்பில் நிமிர்த்திய பம்பரும் அதில் ஏற வேண்டும். நான்காவது, பறத்தலுக்கு இன்றியமையாத எந்த உறுப்பும் மோதல் நேரக்கூடிய விளிம்பில் அமையலாகாது. அமைத்தே தீரவேண்டுமானால், இடிபட்டதைத் தானே காட்டிக்கொடுக்கும் மேலுறை ஒன்று அதற்கு வேண்டும்.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓர் அமைச்சகத்தின் கீழும், 2024-ஆம் ஆண்டின் பாரதீய வாயுயான் அதிநியமம் மற்றோர் அமைச்சகத்தின் கீழும் நடைமுறையில் உள்ளன. பிற நாடுகள் விலக்குமேல் விலக்காகக் கொடுத்துக் கற்ற பாடத்தை, இங்கே முதல் விண்ணப்பம் வருமுன்பே இரு அமைச்சகத்து வல்லுநர்களும் ஒருங்கே அமர்ந்து விதியாக்கிவிடுதல் சாத்தியம்.

வடிவமைப்பாளர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. முதல் வரைபடத்தை விரிக்கும் நாளிலேயே பராமரிப்புப் பொறியாளரையும் சான்றளிக்கும் அதிகாரியையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன், இன்று சாலையில் ஓடி வந்த இந்த வண்டி இன்று மாலை பறக்கத் தகுதியுள்ளதென்று எதைக் கண்டு நான் கையெழுத்திடுவேன் என்று அவர்களைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தரும் வடிவமே சாலைக்கும் வானுக்கும் உரிமை பெறத் தக்கது.