ஊருக்கே தைக்கிறோம், ஒரு முழு உடுப்பு தைக்கத் தெரியுமா?

மார்கழி பொறந்தா எங்கம்மா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வாசல் தெளிக்கப் போயிடுவாங்க. சொன்னாலும் கேக்க மாட்டாங்க. நைட்டி மேல ஒரு துண்டு, அதுக்கு மேல என்னோட பழைய ஸ்வெட்டர். மூட்டு வலியில விரல் மடங்காததால பட்டன் போட முடியாது. திறந்தபடியே மாட்டிக்கிட்டு நடுங்கிட்டு நிப்பாங்க. முன்பக்கம் முழுக்கத் திறந்து, இழுத்து மூடி, இடுப்புல ஒரு நாடா கட்டினாப் போதும்ங்கற மாதிரி ஒரு அங்கி இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. பீரோ மேல பழைய சென்னிமலை போர்வை ஒண்ணு கிடந்துச்சு. இருபது வருஷம் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பருத்தி. ஒரு ஓரத்துல மட்டும் எலி கடிச்ச ஓட்டை. இதையே வெட்டித் தைச்சிடலாம்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன்.

"பழசை வெட்டித் தைச்சு உடுத்தினா வீட்டுக்கு ஆகாது கண்ணு" - இது சித்தி.

"ஆன்லைன்ல முன்னூறு நானூறு ரூபாய்க்கு புசுபுசுன்னு வருதுங்க மாமா, எதுக்கு இந்த வேலை?" - இது மச்சினன்.

"திருப்பூர்ல இருந்துக்கிட்டு துணி தைக்கறதுக்கு நீ யாருப்பா? ஊரே டெய்லர்தானே!" - இது நண்பர், டீக்கடையில, நாலு பேர் முன்னாடி.

அப்போ யாருக்கும் பதில் சொல்லலை. இப்போ அங்கி தைச்சு முடிச்சாச்சு. அதனால வரிசையா சொல்கிறேன்.

முதலில் சித்திக்கு. பிறந்த குழந்தையை நாம் புதுத் துணியிலா போட்டோம்? பாட்டியோட பழஞ்சேலையில் தூளி கட்டினோம், பழைய வேட்டியைக் கிழிச்சு கோமணம் கட்டினோம். அப்போ ஆகிற பழசு இப்போ ஏன் ஆகாது? வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தாவை இன்னிக்கு பெரிய பெரிய கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை வச்சு விக்கிறாங்க. கனடாவில் 18, 19ம் நூற்றாண்டுகளில் விலங்குத் தோல் வியாபாரிகள் குளிருக்குப் போட்ட 'கப்போட்' என்கிற கோட்டே கம்பளிப் போர்வையை வெட்டித் தைத்ததுதான். அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம ஊர் கட்டிங் வேஸ்ட்டைப் பாருங்க. கலர் வாரியாப் பிரிச்சு, திரும்பவும் பஞ்சாக்கி, நூலாக்கி வித்துடறோம். கம்பெனியில் ஒரு துண்டுத் துணியை விட மாட்டோம். வீட்டில் மட்டும் பழசைத் தொட்டா தரித்திரமா? நல்லா இருக்குங்க நியாயம்!

அடுத்து மச்சினன். அந்த புசுபுசு சமாச்சாரம் பாலியஸ்டர். துவைக்கத் துவைக்க கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை தண்ணியில் போகும். அதை விடுங்க. புதுத் துணின்னா அதுக்குச் சாயம் வேணும். சாயம் என்ன செய்யும்னு நொய்யல் கரையில் இருக்கிற நமக்கு வெளியூர்க்காரன் வந்து சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியா ஆனதைப் பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி நூத்துக்கணக்கான சாயப்பட்டறைகளை இழுத்து மூடினதையும் பார்த்தோம். என் போர்வைக்குச் சாயம் ஏத்தி இருபது வருஷம் ஆச்சு மாப்ளே. இனி அதுக்கு ஒரு சொட்டு சாயத்தண்ணி வெளியே போகாது. முன்னூறு ரூபாய் கணக்கில் இது வராது, தெரியும்.

இப்போ நண்பருக்கு வர்றேன். எனக்குக் கோபம் வந்ததே அவர் சொன்னதில்தான். ஊரே டெய்லர்! எல்லாரும் சொல்றோம், பெருமையாச் சொல்றோம். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு அக்காகிட்ட போர்வையைத் தூக்கிட்டுப் போனேன். 14 வருஷமா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "அக்கா, இதை ஒரு அங்கியா வெட்டிக் குடுங்க"ன்னேன். கத்திரிக்கோலை வாங்கினவங்க அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

"வெட்டறது எல்லாம் கட்டிங் மாஸ்டர் வேலை தம்பி. நான் கை வச்சதே இல்லை. நீங்க வெட்டிக் குடுங்க, நான் சைடு அடிச்சுத் தர்றேன்."

14 வருஷம்! அவங்க சைடு அடிச்ச டி-சர்ட்டை எத்தனை நாட்டில் போட்டிருப்பாங்களோ. ஆனா ஒரு துணியை விரிச்சு, அளந்து, வெட்டி, முழுசா ஒரு உடுப்பாக்கி மாட்டிப் பார்த்ததில்லை. தோள் ஒருத்தர் சேர்ப்பார், கை இன்னொருத்தர் ஏத்துவார், கழுத்துப் பட்டி வேற ஆள், கீழ்மடிப்பு ப்ளாட்லாக் ஆள், பிசிறு வெட்ட ஒரு ஆள், அப்புறம் செக்கிங், அயர்ன், பேக்கிங். அவங்களுக்குத் தெரிஞ்சது அவங்க மெஷினுக்கு முன்னாடி வர்ற பண்டல் மட்டும்.

சரின்னு ரெண்டு பேரும் தரையில் போர்வையை விரிச்சோம். 60 இன்ச் அகலம், 90 இன்ச் நீளம். நீளத்தைப் பாதியா மடிச்சா 45. அந்த மடிப்பு தோளில் வரும், அதனால தோளுக்குத் தையலே வேண்டாம். அகலத்தில் நடுவில் 28 இன்ச் உடம்புக்கு. ரெண்டு பக்கமும் மிச்சம் இருக்கிற 16, 16 கைக்கு. மடிப்பில் இருந்து 10 இன்ச் கைக்கு விட்டுட்டு, அதுக்குக் கீழே ரெண்டு பக்கத் துணியையும் வெட்டி எடுத்தாச்சு. எலி கடிச்ச ஓட்டை அந்தத் துண்டோட போயிடுச்சு. விரிச்சா ஆங்கில 'டி' எழுத்து மாதிரி நிக்கும். முன்பக்கத்தை மட்டும் நடுவில் கீழிருந்து தோள் வரைக்கும் கீறி, கழுத்துக்கு ஒரு வளைவு. அக்குளில் கூர் மூலையா விடாம லேசா வளைச்சு வெட்டணும், இல்லேன்னா கை தூக்கும்போது இழுக்கும். தையல்னு பார்த்தா கை நுனியிலிருந்து இடுப்பு வழியா கீழ வரைக்கும் பக்கத்துக்கு ஒண்ணு, மொத்தம் ரெண்டே ஓட்டம். கை நுனிக்கு மடிப்பு வேண்டாம், போர்வையோட கரையே அங்க வந்துடுது. கீழேயும் போர்வையோட பார்டரே பார்டர். வெட்டின துண்டுகளில் ரெண்டு பாக்கெட், ஒரு இடுப்பு நாடா. திறந்த ஓரங்களுக்கு பனியன் கட்டிங் வேஸ்ட்டை நாடாவா வெட்டி மடிச்சுத் தைச்சோம். பனியன் துணி நூல் பிரியாது, வளைவுக்கும் இழுத்த இழுப்புக்கு வரும்.

வீட்டில் இருக்கிறது கால் மெஷின். "என்ன தம்பி இது, மாட்டு வண்டி மாதிரி போகுது"ன்னு சிரிச்சுக்கிட்டே அடிச்சாங்க. முடிச்சு நூலை அறுத்ததும் பழக்க தோஷத்தில் வலது கைப் பக்கம் தள்ளி விட்டுட்டாங்க, அடுத்த ஆள் எடுத்துக்குவாங்கன்னு. அடுத்த ஆள் யாரும் இல்லை. எடுத்து தன் தோளில் போட்டுப் பார்த்துட்டு, "ஒரு துணி என் கையிலேயே முடிஞ்சது இதுதான் தம்பி"ன்னாங்க.

இதுக்கு அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? பிரிச்சு செஞ்சாத்தான் வேகம், வேகமா செஞ்சாத்தான் கப்பல் ஏறும்னு எனக்கும் தெரியும். கம்பெனி அப்படித்தான் நடக்கும், நடக்கட்டும். ஆனா கம்பெனிக்கு வசதியான ஒரு ஏற்பாட்டை, நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னு நாமளே ஒத்துக்கிட்டோம் பாருங்க, அதைத்தான் கேக்கறேன். 2020ல் ஊரடங்கு வந்து கம்பெனி மூடினப்போ, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் நின்னு ஷிப்ட் குறைஞ்சப்போ, ஓவர்லாக் மட்டும் தெரிஞ்ச கை வீட்டில் உக்காந்து என்ன தைக்கும்? முழுசா தைக்கத் தெரிஞ்சவங்க சேம்பிள் டெய்லராப் போகலாம், வீட்டிலேயே நாலு பாவாடை, ஜாக்கெட் தைச்சு அந்த மாசத்தைத் தள்ளலாம். ஒரு ஆபரேஷன் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு கம்பெனி கேட் திறந்தாத்தான் சோறு. சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் அரசாங்கம் இலவசமாத் தையல் மெஷின் கொடுக்குது. மெஷின் கிடைச்சாலும் வெட்டத் தெரியலைன்னா அதுக்கு உறை போட்டு மேல டிவி வைக்க வேண்டியதுதான். அப்படி டிவி ஸ்டாண்டா ஆன மெஷினை நானே ரெண்டு வீட்டில் பார்த்திருக்கேன்.

பதிவர் பெருமக்களே, நம்மகிட்டயும் ஒரு வார்த்தை. மறுசுழற்சி, நொய்யல், தொழிலாளர் நலம்னு நாம பக்கம் பக்கமா எழுதறோம். நானும் எழுதியிருக்கேன். அத்தனையும் எழுதின எனக்கு ஒரு போர்வையை எங்க மடிக்கணும், எங்க வெட்டணும்னு இத்தனை வயசுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. இந்த வாரம் ஒரு பழைய போர்வையை எடுங்க. பக்கத்தில் கம்பெனிக்குப் போற அக்காவோ தங்கச்சியோ இருந்தா கூப்பிடுங்க. தைக்க அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், நம்மள விட நல்லாத் தைப்பாங்க. கத்திரிக்கோலை அவங்க கையில் கொடுத்துட்டு பேசாம உக்காருங்க. துணி கெட்டா கெடட்டும், பழைய போர்வைதானே. பயமில்லாம வெட்டிப் பழக இதை விட நல்ல துணி எங்க கிடைக்கும்?

மிச்சத் துண்டுகளை அக்கா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. பேத்திக்கு கையில்லாத கோட்டு ஒண்ணு தைக்கப் போறாங்களாம். இந்தத் தடவை வெட்டுறதும் அவங்கதான்.

அம்மா? அங்கியைப் போட்டுக்கிட்டு இன்னிக்கு நாலரைக்கே வாசல் தெளிக்கப் போயிட்டாங்க. அதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியலை.

டிஸ்கி: 16 நம்பர் ஊசி அக்குள் முக்குல ரெண்டு உடைஞ்சது. 18 போடுங்க. வெட்டறதுக்கு முன்னாடி போர்வையை நல்லாத் துவைச்சுக் காய வச்சுடுங்க, இல்லேன்னா வீடு பூரா பஞ்சு பறக்கும். எங்க வீட்டில் திட்டு எனக்குத்தான் விழுந்தது.