முறையீடு யாருடைய உரிமை?

வேலை அனுமதி மறுக்கப்பட்ட ஒருவர், “ஏன் மறுத்தீர்கள்?” என்று தம் சொந்த வாயால் கேட்க இயலாத ஓர் ஏற்பாடு, ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் வேரூன்றி நிற்கிறது. மறுப்பு அவருக்கு; மறுமொழி கூறும் உரிமையோ மற்றொருவருக்கு. இதனை அலுவலக நடைமுறை என்று சொல்லிக் கடந்து செல்வோர் பலர். நீதியின் அடிப்படையையே தொடும் குறை இது என்று சொல்வதற்குத் தமிழ் கற்பிப்போரும் தமிழ் கற்போரும் முன்வர வேண்டும். ஏனெனில், முறையீடு என்றால் என்ன என்பதை உலகுக்குக் காட்டிய ஒரு காப்பியம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. அதன் வழியாக நாள்தோறும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் போய் வருகின்றனர். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்பும் ஜொகூர் பாருத் தமிழர்கள் அக்கூட்டத்தில் ஏராளம். அவர்களுள் தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் பணியாற்றுவோர் ஒரு தனிப் பிரிவினர். தட்டு கழுவத் தொடங்கி, பரிமாறுநராகி, வரவேற்பு மேசையில் நின்று, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மேலாளராக உயர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அத்தகைய ஒருவருக்குச் சிங்கப்பூர் விடுதி ஒன்று மேலாளர் பணி தர முன்வருகிறது; ஊதியம் பேசி முடிக்கப்படுகிறது; விண்ணப்பம் போகிறது. சில வாரங்களில், “நிராகரிக்கப்பட்டது” என்ற செய்தி விடுதிக்கு வருகிறது. விடுதியார் அதனை அவரிடம் தொலைபேசியில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றனர்.

அந்த ஒரு வரியைக் கேட்ட மனிதர் என்ன நினைப்பார்? தம் படிப்புப் போதவில்லை என்றோ, தம் அனுபவத்தை எவரும் மதிக்கவில்லை என்றோதான் நினைப்பார். உண்மை பெரும்பாலும் வேறாக இருக்கக்கூடும். இடைநிலைத் திறனாளர்க்குச் சிங்கப்பூர் வழங்கும் ‘எஸ் பாஸ்’ அனுமதிக்கு நிறுவனந்தோறும் ஓர் உச்ச வரம்பு உண்டு. சேவைத் துறையில் அவ்வரம்பு 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி 13 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நூறு பேர் பணிபுரியும் விடுதியில் பத்து இடங்கள் நிரம்பிவிட்டால், பதினோராம் மனிதர் எத்துணைத் திறமை உடையவராயினும் அவருக்கு இடமில்லை. அடுத்து, குறைந்தபட்ச ஊதிய அளவு. 2025 செப்டம்பர் முதல் தேதியன்று அது 3,300 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வயது ஏற ஏற அத்தொகையும் ஏறும். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இளைஞரின் ஊதியத்தை எழுதி விண்ணப்பித்த விடுதியின் கணக்குப் பிழையும் மறுப்புக்குக் காரணமாகலாம். ஆக, தண்டனை தொழிலாளிக்கு. குறையோ நிறுவனத்தின் கணக்கேட்டில்.

இவ்வாறு மறுக்கப்பட்டால் முறையிட வழியே இல்லையா? உண்டு. மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிடலாம். மறுப்புச் செய்தியில் காரணம் குறிக்கப்பட்டிருக்கும். அக்காரணத்திற்கு நேரான விடையோடு முறையீடு அமைய வேண்டும். இதுவரை குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் முறையிடக்கூடியவர் யார்? வேலை வழங்குநர்; அல்லது அவர் சார்பில் விண்ணப்பித்த வேலை முகவர். மறுக்கப்பட்ட மனிதர் அல்லர்! காரணம் எழுதிய கடிதமும் அவர் பெயருக்கு வருவதில்லை. விடுதியார் மனம் வைத்தால் முறையிடுவார். வேறோர் ஆள் கிடைத்துவிட்டால் பேசாமல் இருந்துவிடுவார். இன்னும் சிலர், “மேலாளர் அனுமதி கிடைக்காது, சாதாரண வேலை அனுமதிச் சீட்டில் வாருங்கள், வேலை அதேதான்” என்பர். வேலை அதே, ஊதியம் மட்டும் வேறு.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒதுக்கிவிடலாகாது. ஒரு நாடு தன் குடிமக்களின் வேலையைக் காக்க வரம்பு வகுக்கும் உரிமை உடையது. அதை மறுப்பது பேதைமை. மலேசியரும் தம் நாட்டில் அதையே எதிர்பார்க்கின்றனர். ஆனால், வரம்பு வகுப்பது ஒன்று. வரம்பு சரியாகப் பொருத்தப்பட்டதா என்று பாதிக்கப்பட்டவர் கேட்பது மற்றொன்று. முன்னதை ஏற்றுக்கொண்டே பின்னதைக் கேட்கலாம். “இத்தனை ஆயிரம் விண்ணப்பங்களுக்கும் தனித்தனியே பதில் சொல்ல நேரம் ஏது?” என்பது அடுத்த வாதம். இது நிற்காத வாதம். காரணம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டும்விட்டது. அதன் படி ஒன்றை விண்ணப்பத்தில் பெயர் உள்ளவருக்கும் அனுப்பக் கூடுதலாக எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாம் மின்வழியில் நடக்கும் இந்நாளில் அஞ்சல் தலைச் செலவுகூட இல்லையே!

மதுரைக்கு வந்த கண்ணகியை ஈண்டு நினைத்தல் தகும். அவள் பாண்டிய நாட்டுக் குடிமகள் அல்லள். சோழ நாட்டுப் புகாரில் பிறந்தவள். பிழைப்புத் தேடிக் கணவனோடு அயல்நாடு வந்தவள். இன்றைய அலுவலகச் சொல்லில் சொன்னால் அயல்நாட்டவள். கோவலன் செய்தி அரசன் செவிக்குச் சென்றது ஒரே ஒருவன் வாய்வழியாக. அவன் பொற்கொல்லன், அவனுக்கு அதில் தன்னலம் இருந்தது. கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை அரசன். காப்பியத்தின் கொடுமை முழுவதும் அந்த ஒரு புறக்கணிப்பில்தான் அடங்கியிருக்கிறது. பின்னர் நடந்ததைப் பாருங்கள். கண்ணகி அரண்மனை வாயிலில் நிற்கிறாள். வாயில் காப்போன் அவளுக்காக எவரேனும் பரிந்துரை தந்தனரா என்று கேட்கவில்லை. உள்ளே சென்று அறிவிக்கிறான். அரசன் அவளையே நேரில் அழைக்கிறான், ஊரும் பெயரும் கேட்கிறான், வழக்கைக் கேட்கிறான். சான்றுப் பொருளை அவை நடுவே கொண்டுவரச் செய்கிறான். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு நொடியில் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது. காலந்தாழ்ந்த விசாரணைதான், கோவலன் உயிர் போனபின் நடந்த விசாரணைதான். ஆயினும் அயலவள் ஒருத்தி, இடையாள் எவருமின்றி, தன் வாயால் முறையிட்டாள், கேட்கப்பட்டாள். ஆண்டுதோறும் வகுப்பில் வழக்குரை காதையை உருக்கத்தோடு நடத்துகின்ற ஆசிரியர்கள், இந்தச் சட்ட நுணுக்கத்தை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவது அரிதாகவே இருக்கிறது. கற்பின் பெருமையோடு பாடம் முடிந்துவிடுகிறது.

அக்கரையைக் குறை கூறிவிட்டு இக்கரையில் கைகட்டி நிற்பது நேர்மையாகாது. மலேசியாவின் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, ஒருவருக்கு எதிராக அச்சட்டத்தின்படி ஆணை பிறப்பிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்கும் வாய்ப்புத் தரப்படமாட்டாது என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. 59ஏ பிரிவோ இன்னும் ஒருபடி மேலே சென்று, நடைமுறை விதிகள் பின்பற்றப்பட்டனவா என்ற வினா ஒன்றைத் தவிர, அமைச்சரின் முடிவையும் தலைமை இயக்குநரின் முடிவையும் நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாகாது என்கிறது. இப்பிரிவு 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. வெளிநாடு செல்லவிடாமல் தடுக்கப்பட்ட மரியா சின் அப்துல்லா தொடுத்த வழக்கில், 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி தெங்கு மைமூனும் நீதிபதி நளினி பத்மநாதனும் உடன்படவில்லை. குடிமகளான ஒருவருக்கே இந்நிலை என்றால், தமிழ்நாட்டிலிருந்து ஜொகூர் பாரு உணவகத்திற்கு வர விண்ணப்பிக்கப்பட்ட மேலாளரின் நிலை என்ன? இங்கும் விண்ணப்பிப்பது நிறுவனம். விடை பெறுவது நிறுவனம். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ வேலையை விட்டுவிட்டுக் காத்திருப்பவர் அவர்.

வேலை அனுமதி என்னும் சொல் மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று; கசப்பானது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார் அனுமதியின்றி வேலை செய்யலாகாது என்றது. 1969 மே மாதத்திற்குப் பின் அச்சட்டம் நடைமுறையில் இறுகியபோது, சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்கள் திகைத்து நின்றனர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பது வரலாறு. அவர்களில் பலர் இம்மண்ணில் பல்லாண்டு உழைத்தவர்கள். குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள், விண்ணப்பித்தும் தேறாதவர்கள், எந்த மேசையில் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அறியாதவர்கள். அவர்களுக்காகப் பேசியோர் சிலர் உண்டு. அவர்களே பேசுவதற்கு இடம் இருந்ததா என்ற வினாவை அன்று எழுப்பியோர் குறைவு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அந்த வினா அப்படியே கிடக்கிறது.

சமுதாயத்தின் போக்கையும் சொல்லத்தான் வேண்டும். 2018 ஜூனில், அடுத்த ஆண்டு முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையற்காரரே இருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சர் குலசேகரன் அறிவித்தார். உணவக உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர், அறிவிப்புத் தளர்ந்தது. 2009 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு மூடப்பட்டிருந்த முடிதிருத்தும் நிலையம், துணிக்கடை, நகைக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் 2023ஆம் ஆண்டில் 7,500 இடங்கள் திறக்கப்பட்டன. வெற்றி என்று கொண்டாடினோர் பலர். அவர்கள் தேவையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆளின்றிக் கடை நடத்த முடியாது. ஆனால் இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பேசப்பட்டது முழுவதும் முதலாளியின் தேவை. வரப்போகும் தொழிலாளி எண்ணிக்கையில் ஒன்று, அவ்வளவே. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தன் மகனுக்கு நியாயம் வேண்டும் என்று கேட்கும் குடும்பமே, தன் கடைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரருக்கு மறுப்புக் கடிதத்தைக் காட்ட மனமின்றி இருப்பதும் உண்டு. அந்தத் தொழிலின் பெயரோ விருந்தோம்பல்! வள்ளுவர் அதற்கென 9ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார்.

வேறு வழியே உலகில் இல்லை என்பாரும் உளர். இந்தியாவில் 1977ஆம் ஆண்டு மேனகா காந்தியின் கடவுச்சீட்டு முடக்கப்பட்டது. காரணம் கேட்டதற்கு, பொதுநலன் கருதிச் சொல்ல இயலாது என்றது அரசு. 1978 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பதையும், பாதிக்கப்பட்டவர் பக்கம் கேட்கப்பட வேண்டும் என்பதையும் நிலைநாட்டியது. கனடாவில் பேக்கர் என்னும் அயல்நாட்டுப் பெண்மணியின் குடிநுழைவு வழக்கில், 1999ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தகைய முடிவுகளுக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும் என்றது. அவர் இல்லப் பணியாளராக வாழ்ந்தவர்; பெரும் செல்வாக்கு உடையவர் அல்லர். ஆஸ்திரேலியாவில், தற்காலிகத் திறனாளர் விசா மறுக்கப்பட்டவர் அந்நாட்டினுள் இருப்பாரானால், சில வரையறைகளுக்குட்பட்டுத் தாமே கட்டணம் செலுத்தி மறுஆய்வு மன்றத்தை நாடலாம். 2024 அக்டோபரில் புதிய பெயரில் அமைக்கப்பட்ட அம்மன்றம், அதிகாரி எழுதிய முடிவை மட்டும் பார்ப்பதில்லை. சான்றுகளைப் புதிதாகவே ஆராய்கிறது. அங்கும் தாமதம் உண்டு, செலவு உண்டு, தோல்வியும் உண்டு. கேட்கும் செவி ஒன்று இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

பள்ளிக்கூடத்தின் பங்கு என்ன? தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதமும் புகார்க் கடிதமும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் மாணவர் எழுதுவது என்ன? ‘தாழ்மையுடன்’, ‘கருணை கூர்ந்து’, ‘தயவு செய்து’ என்ற சொற்களால் முதல் பத்தி நிரம்புகிறது. வீட்டுச் சிரமங்கள் இரண்டாம் பத்தியில் வருகின்றன. எது தவறு, எந்த விதிப்படி தவறு, அதற்குச் சான்று என்ன என்பவை வருவதே இல்லை. ஜொகூர் பாருவில் அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்காக முகவர்கள் கட்டணம் வாங்கி எழுதித் தரும் கடிதங்களும் இதே வார்ப்பில்தான் அமைகின்றன. மூன்று பிள்ளைகள் இருப்பதும் தாயார் நோயுற்றிருப்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஊதிய அளவு பொருந்தவில்லை என்ற மறுப்புக்கு அவை விடையாகா. பணி நியமனக் கடிதத்தின் படி, பத்தாண்டு ஊதியச் சீட்டுகள், முன்னைய விடுதிகளின் சான்றிதழ்கள், பதவிப் பொறுப்புகளின் விளக்கம் ஆகியவையே விடையாகும். இவற்றைத் தேடி வைத்துக்கொள்ளவும், வரிசைப்படுத்தி நேராக எழுதவும் பதினேழு வயது மாணவருக்குக் கற்பிக்கலாம். கண்ணகி அழுதுகொண்டு வந்தாள் என்பதை நினைவில் வைத்திருக்கும் வகுப்பறை, அவள் கையில் சிலம்போடு வந்தாள் என்பதை மறந்துவிட்டது.

2025 ஜனவரி 7ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சரக்கும் முதலீடும் மக்களும் எளிதாகக் கடந்து செல்வதே நோக்கம் என்று கூறப்பட்டது. முதலீட்டாளரின் ஐயங்களைத் தீர்க்கத் தனி அலுவலகங்கள் உண்டு. அவர்களை வரவேற்க அதிகாரிகள் உண்டு. அந்த ஏற்பாடுகளின் நடுவே தமிழ்ச் சங்கங்களும், ஆசிரியர் அமைப்புகளும், தொழிற்சங்கங்களும் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வைக்கலாம். மறுப்புக் கடிதத்தின் படி விண்ணப்பத்தில் பெயர் உள்ளவருக்கும் நேரே வர வேண்டும். நிறுவனம் முறையிட மறுத்தால், அதே மூன்று மாதத்திற்குள் அவர் தாமே முறையிட ஒரு படிவம் வேண்டும். மறுப்பு நிறுவனத்தின் வரம்பினால் நேர்ந்ததா, விண்ணப்பதாரரின் தகுதியினால் நேர்ந்ததா என்பது அக்கடிதத்தில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை; எந்த நாட்டின் வரம்பும் ஒரு விழுக்காடுகூடத் தளரப் போவதில்லை. மலேசிய நாடாளுமன்றத்திலோ 59ஆம் பிரிவையும் 59ஏ பிரிவையும் திருத்தக் கோருவது அதைவிடக் கடினமான வேலை; அதற்கும் ஒரு மனு எழுதப்பட்டாக வேண்டும்.